சமூகப் பதற்றக் கோளாறு

சமூகப் பதற்றக் கோளாறு அல்லது சமூக அச்சம் என்பது, பிறர் தம்மைக் கவனித்து எடைபோடக்கூடும் எனத் தோன்றும் சூழ்நிலைகளில் ஒருவருக்கு மிகையான அச்சம் ஏற்பட்டு, அது நீண்டகாலம் நீடித்து, அவருடைய கல்வி, தொழில், உறவு ஆகியவற்றைப் பாதிக்கும் ஓர் உளநலக் கோளாறு ஆகும். இக்கோளாறு உடையவர்கள் பெரும்பாலும் பிறருடன் பழக விரும்புகின்றனர். ஆனால் பழக நேரும்போது தாம் தவறாகப் பேசிவிடுவோம், பிறர் நகைப்பர், இகழ்வர் என்ற எண்ணத்தால் அச்சூழ்நிலையைத் தவிர்க்கின்றனர். இது பதற்றக் கோளாறுகள் என்னும் வகையைச் சேர்ந்தது. உளச்சிகிச்சையாலும் மருந்துகளாலும் இதனைக் குறிப்பிடத்தக்க அளவு குணப்படுத்த இயலும்.

பெயரும் வரையறையும்

தமிழில் சபைக் கூச்சம், அவையச்சம், மேடையச்சம், கூச்ச சுபாவம் முதலிய சொற்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. திருக்குறளின் 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை என்னும் தலைப்பில் அமைந்துள்ளது. கற்றறிந்தும் அவையின்முன் சொல்ல அஞ்சுபவரின் கல்வி பயன்படாது போவதை அது பேசுகின்றது. எனினும் இச்சொற்கள் யாவும் இயல்பான கூச்சத்தையும் நோய்நிலையையும் வேறுபடுத்துவதில்லை.

கூச்சம் என்பது பலரிடமும் காணப்படும் ஓர் இயல்பு. புதியவர்களைச் சந்திக்கும்போது தோன்றும் கூச்சம் சற்று நேரத்தில் குறைந்துவிடும். பின்வரும் நிலைகள் இருந்தால் மட்டுமே அது கோளாறாகக் கருதப்படுகின்றது.

1. அச்சம் உண்மையான ஆபத்தின் அளவைவிட மிக அதிகமாக இருத்தல்.
2. அதே வகைச் சூழ்நிலைகளில் ஏறத்தாழ எப்போதும் தோன்றுதல்.
3. பொதுவாக ஆறு மாதங்கள் அல்லது அதற்கு மேல் நீடித்தல்.
4. அச்சூழ்நிலைகளைத் தவிர்த்தல் அல்லது கடும் வேதனையுடன் பொறுத்துக்கொள்ளுதல்.
5. இதனால் படிப்பு, வேலை, உறவு ஆகியவற்றில் இழப்பு ஏற்படுதல்.

மக்கள் கூட்டத்தைக் கண்டு அஞ்சுவதும் இக்கோளாறும் ஒன்றல்ல. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவின்போது மாட வீதிகளில் பெருந்திரளாக மக்கள் கூடுவர். அங்கே தனிப்பட்ட முறையில் எவரும் தம்மைக் கவனிப்பதில்லை என்பதால், சமூக அச்சம் உடைய ஒருவர் அக்கூட்டத்தில் எளிதாக நடந்து செல்லக்கூடும். அவரே பத்து உறவினர்கள் கூடியிருக்கும் அறையில் "இப்போது என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தவிக்கக்கூடும்.

வரலாறு

பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1903இல் சமூகச் சூழ்நிலைகள் பற்றிய அச்சத்தைத் தனியாகக் குறிப்பிட்டார். 1960களில் இலண்டனில் ஐசக் மார்க்சு முதலியோர் அச்சங்களை வகைப்படுத்தியபோது, சமூக அச்சம் பிற அச்சங்களிலிருந்து பிரித்தறியப்பட்டது. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் இது முதன்முதலாக 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. 1985இல் மைக்கேல் லீபோவிட்சும் அவருடைய குழுவினரும் இதனைப் புறக்கணிக்கப்பட்ட பதற்றக் கோளாறு என்று சுட்டி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே ஆய்வுகள் பெருகின. அவர் 1987இல் வெளியிட்ட 24 சூழ்நிலைகளைக் கொண்ட அளவுகோல் இன்றும் பயன்படுகின்றது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் சமூகப் பதற்றக் கோளாறு என்ற பெயர் அடைப்புக்குறிக்குள் சேர்க்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அதுவே முதன்மைப் பெயராயிற்று.

சப்பானில் இதற்கு நெருக்கமான தைஜின் கியோஃபுஷோ என்னும் நிலை அறியப்பட்டுள்ளது. அதில் தம்முடைய பார்வையோ முகமோ உடல்மணமோ பிறருக்குத் தொல்லை தருகின்றது என்ற அச்சம் முதன்மையாகக் காணப்படும். இந்நிலை உள்ளவர்களுக்கு மருத்துவம் செய்த ஷோமா மொரிட்டா (1874–1938), அச்சத்தை அடக்க முயலாமல் அதனை ஏற்றுக்கொண்டு செய்ய வேண்டிய செயலைச் செய்யும் முறையைக் கற்பித்தார்.

அறிகுறிகள்

உடல் சார்ந்தவை:

- முகம் சிவத்தல், வியர்த்தல், கை நடுங்குதல், குரல் நடுங்குதல் அல்லது அடைத்தல்
- நெஞ்சு படபடத்தல், வாய் உலர்தல், வயிற்றைப் பிசைதல்
- மனத்தில் எதுவும் தோன்றாமல் போதல்

எண்ணம் சார்ந்தவை:

- எல்லாரும் தம்மையே பார்க்கின்றனர் என்ற உணர்வு
- தம் நடுக்கமும் வியர்வையும் பிறருக்கு நன்றாகத் தெரிகின்றன என்ற நம்பிக்கை
- நிகழ்வுக்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே கவலைப்படுதல். முடிந்த பின்னர் பேசியவற்றை மீண்டும் மீண்டும் நினைத்து வருந்துதல்

நடத்தை சார்ந்தவை:

- தொலைபேசி அழைப்புகளை எடுக்காதிருத்தல், வகுப்பில் ஐயம் கேட்காதிருத்தல்
- பிறர் முன்னிலையில் உண்ணவும் எழுதவும் கையொப்பமிடவும் தயங்குதல்
- கண்ணைப் பார்த்துப் பேசாதிருத்தல், விழாக்களுக்குத் தாமதமாகச் சென்று விரைவாகத் திரும்புதல்

சிலருக்கு மேடையில் பேசுதல், பாடுதல் போன்ற நிகழ்த்துச் சூழல்களில் மட்டும் அச்சம் தோன்றும். வேறு சிலருக்கு ஏறத்தாழ எல்லாச் சமூகச் சூழல்களிலும் தோன்றும். குழந்தைகளிடம் இது அழுகை, பிடிவாதம், பேச மறுத்தல் ஆகியனவாக வெளிப்படலாம்.

காரணங்கள்

இக்கோளாற்றுக்கு ஒரே காரணம் என்று எதனையும் சுட்ட இயலாது. மரபுக்கூறு, இளமைக்கால மனநிலை, வளர்ப்பு, வாழ்க்கை நிகழ்வுகள் ஆகியன ஒன்று சேர்ந்து இதனை உருவாக்குகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன், புதியனவற்றைக் கண்டு ஒடுங்கும் இயல்பு சில குழந்தைகளிடம் மிக இளம் வயதிலேயே காணப்படுவதை விளக்கினார். இத்தகைய குழந்தைகள் அனைவருக்கும் பிற்காலத்தில் கோளாறு ஏற்படுவதில்லை. எனினும் பிறரைவிட வாய்ப்பு அதிகம். பள்ளியில் கேலிக்கு உள்ளாதல், அவமானப்படுத்தப்படுதல், பெற்றோரின் மிகையான கண்டிப்பு அல்லது மிகையான பாதுகாப்பு ஆகியன இவ்வாய்ப்பைக் கூட்டுகின்றன. மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்னும் பகுதி, பிறருடைய கடுமையான முகக்குறிகளுக்கு இவர்களிடம் மிகுதியாகத் துலங்குவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

அச்சம் நிலைபெறும் முறை

ஒரு சூழ்நிலையைத் தவிர்த்தவுடன் மனத்துக்கு ஆறுதல் கிடைக்கின்றது. அந்த ஆறுதலே அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகின்றது. அஞ்சியது உண்மையில் நடக்குமா என்று அறியும் வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை. ஆகவே அச்சம் குறையாமல் நிலைத்துவிடுகின்றது.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்சு ஆகியோர் 1995இல் முன்வைத்த விளக்கம் இதனை மேலும் தெளிவுபடுத்துகின்றது. அச்சம் தோன்றியவுடன் ஒருவருடைய கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தம் உடலின்மீது திரும்புகின்றது. நெஞ்சு படபடப்பதை உணர்ந்து, தாம் வெளியில் எவ்வாறு தோன்றுகின்றோம் என்பதை அவர் உள்ளத்தில் கற்பனை செய்துகொள்கின்றார். அக்கற்பனை உண்மைத் தோற்றத்தைவிட மோசமானது. அதனை மறைக்க அவர் சில பாதுகாப்புச் செயல்களைச் செய்கின்றார்: வியர்வை தெரியாத நிறத்தில் சட்டை அணிதல், கைக்குட்டையை இறுகப் பிடித்தல், வாக்கியங்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தல், கைபேசியைப் பார்த்துக்கொண்டிருத்தல் முதலியன. இவற்றால் அவர் உரையாடலில் ஒட்டாதவராகத் தோன்றுகின்றார். இதனைக் கண்டு பிறர் விலக, தம் அச்சம் உண்மையே என்று அவர் முடிவு செய்கின்றார்.

பரவல்

ஐக்கிய அமெரிக்காவில் 2001–2003 காலப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வில், வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இக்கோளாறு இருந்தவர்கள் 12.1 விழுக்காட்டினர் எனக் கணக்கிடப்பட்டது. பல நாடுகளைச் சேர்த்து நடத்தப்பட்ட உலக உளநல ஆய்வுகளில் இது ஏறத்தாழ 4 விழுக்காடாகும். பெரும்பாலோருக்கு 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குகின்றது. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகமாகக் காணப்படுகின்றது.

இந்தியாவில் பெங்களூர் தேசிய உளநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய உளநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உளநலக் கோளாறு இருப்பதாக அது கண்டறிந்தது. வெவ்வேறு கோளாறுகளில் சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். சமூக அச்சத்தைப் பொறுத்தவரை, உதவி கேட்பதற்கே அறிமுகமில்லாத ஒருவரிடம் பேச வேண்டியிருப்பது தனித் தடையாகும். பதின்ம வயதில் தொடங்கிய கோளாற்றுக்குப் பலர் பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். அதற்குள் படிப்பும் வேலையும் பற்றிய முக்கியமான முடிவுகள் பல அச்சத்தாலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

சென்னைச் சூழல்

அச்சத்தின் அடிப்படை எங்கும் ஒன்றே எனினும், அது வெளிப்படும் இடங்கள் பண்பாட்டுக்கு ஏற்ப மாறுகின்றன. "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்பது தமிழ்க் குடும்பங்களில் குழந்தைப் பருவம் முதல் கேட்கப்படும் தொடர். இக்கோளாறு உடையவருக்கு இந்த நாலு பேர் எப்போதும் உடன் இருப்பவராகத் தோன்றுகின்றனர்.

மயிலாப்பூர் போன்ற பழைய குடியிருப்புகளில் உறவும் அண்டை வீடும் நெருக்கமானவை. திருமணப் பந்தியில் வரிசையாக அமர்ந்து உண்ணுதல், நவராத்திரிக் கொலுவில் வந்தவர் முன் பாடச் சொல்லுதல், மார்கழி இசை விழாக் காலத்தில் மேடையேறுதல், பெண் பார்க்கும் நிகழ்ச்சி ஆகியன பலருக்கு மகிழ்ச்சியான வழக்கங்கள். அஞ்சுபவருக்குப் பல நாள் உறக்கத்தைக் கெடுப்பவை. தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு, உசுமான் சாலை, பாண்டி பஜார் ஆகிய இடங்களில் கடைப் பணியாளர் எடுத்து விரித்துக் காட்டிய துணியை வேண்டாம் என்று சொல்ல முடியாமல், தேவையற்றதை வாங்கித் திரும்புவோர் உண்டு. மாநகரப் பேருந்தில் நெரிசலின்போது நடத்துநர் தம் இருக்கையிலேயே அமர்ந்திருக்க, பயணிகள் வழியே பணத்தைக் கைமாற்றி, இறங்குமிடத்தை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சி நடந்தே செல்வதும் இக்கோளாற்றின் ஒரு வெளிப்பாடாக இருக்கலாம்.

அடையாறு, கிண்டிப் பகுதிகளில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அண்ணா பல்கலைக்கழகம் முதலிய உயர்கல்வி நிறுவனங்கள் அமைந்துள்ளன. வாய்மொழித் தேர்வு, கருத்தரங்க உரை, வளாக நேர்காணல், குழு உரையாடல் ஆகியன இங்கே பயில்வோரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு ஆங்கிலத்தில் பேச வேண்டிய கட்டாயம் கூடுதல் சுமையாகின்றது. மொழிப் பயிற்சியின்மையும் சமூக அச்சமும் வேறு வேறானவை. தமிழில் நண்பரிடம் தயக்கமின்றிப் பேசுபவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மொழிப் பயிற்சியே. தமிழிலும் ஆசிரியரிடம் பேச இயலாதவருக்கு வேறு உதவி தேவைப்படுகின்றது.

இக்கோளாறு எளிதில் கண்டறியப்படாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதிகம் பேசாத பிள்ளை அடக்கமான பிள்ளை என்று பாராட்டப்படுகின்றது. குறிப்பாகப் பெண்களிடம் அச்சமும் நாணமும் நற்பண்புகளாக எதிர்பார்க்கப்பட்ட மரபு இருந்தமையால், அவர்கள் படும் துன்பம் பெற்றோர் கண்ணுக்குப் படுவதில்லை.

சிகிச்சை

உளச்சிகிச்சை

அறிகை நடத்தைச் சிகிச்சை இக்கோளாற்றுக்கு மிகுந்த சான்றுகளை உடைய முறையாகும். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, வயது வந்தோருக்குத் தனிநபர் அறிகை நடத்தைச் சிகிச்சையை முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. இது பொதுவாக 14 முதல் 16 அமர்வுகள் வரை நடைபெறும். தம் எண்ணங்களைச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தல், கவனத்தை உடலிலிருந்து எதிரில் இருப்பவர்மீது திருப்புதல், பாதுகாப்புச் செயல்களைக் கைவிட்டுப் பார்த்தல், அஞ்சும் சூழ்நிலைகளைப் படிப்படியாக எதிர்கொள்ளுதல் ஆகியன இதன் கூறுகள். சிலர் பேசுவதை நிகழ்படமாகப் பதிவு செய்து அவர்களுக்கே காட்டுவதும் உண்டு. தாம் எண்ணிய அளவுக்கு நடுக்கம் வெளியில் தெரியவில்லை என்பதை அவர்கள் நேரில் காண்கின்றனர்.

மருந்துகள்

செரட்டோனின் மீள்உறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகளான எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்செட்டின் ஆகியன பயன்படுகின்றன. பராக்செட்டின் இக்கோளாற்றுக்கென 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவற்றின் பயன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துதல் கூடாது. மேடையச்சத்துக்கு மட்டும் புரோப்பிரனோலோல் போன்ற மருந்துகள் சில வேளைகளில் தரப்படுகின்றன. இவை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைப்பவை. ஆஸ்துமா உடையவர்கள் இவற்றை உட்கொள்ளுதல் ஆபத்தானது. உடனடி அமைதி தரும் பென்சோடயசிப்பின் வகை மருந்துகள் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியவை.

படிநிலைப் பயிற்சி

அஞ்சும் சூழ்நிலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை அச்ச அளவு கொடுத்து, குறைந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். தென்சென்னையில் வாழும் ஒருவருக்கான பட்டியல் பின்வருமாறு அமையலாம்.

1. லஸ் சந்திப்பில் அறிமுகமில்லாத ஒருவரிடம் வழி கேட்டல்.
2. 2019இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் கைபேசியை எடுக்காமல் இருபது நிமிடங்கள் அமர்ந்திருத்தல்.
3. பேருந்தில் இறங்குமிடத்தை நடத்துநருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுதல்.
4. துணிக்கடையில் விலை கேட்டு, வேண்டாம் என்று கூறி வெளிவருதல்.
5. மயிலாப்பூர் உணவகம் ஒன்றில் கூட்டமான நேரத்தில், அறிமுகமில்லாதவருக்கு எதிரே அமர்ந்து உண்ணுதல்.
6. உறவினர் திருமணத்துக்குச் சென்று இருவரிடம் தாமாகப் பேச்சைத் தொடங்குதல்.
7. வகுப்பிலோ அலுவலகக் கூட்டத்திலோ இரண்டு நிமிடங்கள் பேசுதல்.

ஒவ்வொரு படிக்கும் முன்னர், என்ன நடக்கும் என்று அஞ்சுவதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்த பின்னர் உண்மையில் நடந்ததை அதனருகில் எழுத வேண்டும். அச்சம் முழுவதும் நீங்கிய பின்னரே செய்வேன் என்று காத்திருப்பதால் பயனில்லை. அச்சம் இருக்கும்போதே செயலைச் செய்து, அது தானாகத் தணிவதை அறிவதே பயிற்சியின் நோக்கம். ஒரே படியைப் பல நாட்கள் திரும்பச் செய்த பின்னர் அடுத்த படிக்குச் செல்லலாம். கடுமையான சோர்வோ தற்கொலை எண்ணமோ உடையவர்கள் தனியே முயலாமல் மருத்துவ உதவியுடன் தொடங்குதல் வேண்டும்.

அன்றாடச் சமாளிப்பு

- உரையாடும்போது தம் குரலைக் கவனிப்பதை விட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கவனித்தல்.
- தேநீர், காப்பி ஆகியன படபடப்பைக் கூட்டுமாயின் அளவைக் குறைத்தல்.
- அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் காலை நடையில் நாள்தோறும் காணும் முகங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுதல் போன்ற சிறு பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளுதல்.
- பேச்சுப் பயிற்சி மன்றங்களில் சேர்தல். இவை சிகிச்சைக்கு மாற்றாகா எனினும், கேலியின்றிப் பயில இடம் தருகின்றன.
- மது அருந்திவிட்டுக் கூட்டத்துக்குச் செல்லும் பழக்கத்தைத் தவிர்த்தல். தற்காலிகத் துணிவுக்காகத் தொடங்கிய பழக்கம் பின்னர் தனி நோயாகின்றது.

குடும்பத்தாரின் பங்கும் முக்கியமானது. "வாயைத் திறந்து பேசேன்" என்று பிறர் முன்னிலையில் கண்டித்தல் அச்சத்தைக் கூட்டும். பிள்ளைக்காக எல்லா இடங்களிலும் தாமே பேசிவிடுதலும் தவிர்த்தலையே வளர்க்கும். சிறு முயற்சிகளைத் தனிமையில் பாராட்டுதலும், அடுத்த படிக்கு உடன் நின்று உதவுதலும் பயன் தரும்.

காந்தியின் அனுபவம்

மோகன்தாசு கரம்சந்த் காந்தி, 1925 முதல் 1929 வரை தொடராக வெளிவந்த தம் தன்வரலாறான சத்திய சோதனையில், இளமையில் தமக்கிருந்த கடுமையான கூச்சத்தை விரிவாக எழுதியுள்ளார். இலண்டனில் சைவ உணவாளர் கூட்டங்களில் எழுதி வைத்திருந்ததைக்கூடப் படிக்க இயலாமல், பிறரைப் படிக்கச் செய்தார். பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்று, கேள்வி கேட்க நா எழாமல் அமர்ந்து, வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்தார். 1896 செப்டம்பரில் பம்பாய்க் கூட்டத்திலும் குரல் எழாமல் போகவே, அவருடைய உரையைத் தின்ஷா வாச்சா படித்தார். அடுத்த மாதம் 26ஆம் நாள் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றி அவர் ஆற்றிய நீண்ட உரையை மக்கள் ஆர்வத்துடன் கேட்டனர். தம் கூச்சம் சொற்களை அளந்து பேசக் கற்பித்ததாகவும் அவர் பின்னாளில் கருதினார்.

இதனைக் கொண்டு அவருக்கு இக்கோளாறு இருந்தது என்று முடிவு செய்ய இயலாது. எனினும், தாம் பெரிதும் அக்கறை கொண்ட ஒன்றைப் பற்றி, ஆயத்தம் செய்து, மீண்டும் மீண்டும் பேசியதால் அச்சம் குறைந்தமைக்கு இது நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

உதவியும் சட்டமும்

சென்னையில் உளநல மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1794இல் தொடங்கப்பட்டுப் பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய நிறுவனமே இன்றைய அரசு மனநலக் காப்பகம் ஆகும். இந்தியாவின் முதல் பெண் உளநோய் மருத்துவராக அறியப்படும் மா. சாரதா மேனன் (1923–2021) அதன் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். சமூக அச்சத்துக்குக் காப்பகத்தில் தங்க வேண்டிய தேவை பொதுவாக எழுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளநலப் புறநோயாளர் பிரிவுகளிலும் தனியார் மருத்துவர்களிடமும் சிகிச்சை பெறலாம்.

இராசா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சினேகா என்னும் தன்னார்வ அமைப்பை மருத்துவர் இலட்சுமி விசயகுமார் 1986இல் நிறுவினார். மனம் உடைந்தோர், தற்கொலை எண்ணம் உடையோர் ஆகியோர் சொல்வதைத் தன்னார்வலர்கள் கட்டணமின்றிச் செவிமடுக்கின்றனர். மதுப் பழக்கமும் சேர்ந்திருப்போருக்கு, 1980இல் தொடங்கப்பட்ட டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் உள்ளது. நேரில் செல்லத் தயங்குவோர் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லா உளநலத் தொலைபேசி எண்ணில் தமிழில் பேசலாம்.

இந்திய நாடாளுமன்றம் இயற்றி 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த உளநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் சேவைகளில் உளநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. சிகிச்சை பற்றிய செய்திகளை இரகசியமாகக் காக்கவும் அது வகை செய்கின்றது. உறவினருக்கும் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும் என்று அஞ்சி மருத்துவரை நாடாதோருக்கு இவ்விதி முக்கியமானது.